தூக்கம் இருக்கும் இடத்தைச் சொன்ன விமானி

மதுரைக்குத் "தூங்கா நகரம்" என்று ஒரு பெயர் உண்டு. ஊர் தூங்காமல் இருக்கலாம். ஊரில் உள்ளவர்கள் தூங்கித்தான் ஆகவேண்டும்!

மதுரைக்கு மேற்கே, வைகைக் கரையில் இருக்கிறது கோச்சடை. அங்குள்ள முத்தையா சாமி கோவில் பிரசித்தமானது. முத்தையா காவல் தெய்வம். ஊர் உறங்கும் நேரத்தில் காவல் தெய்வம் உறங்காது என்பது கிராமத்து மக்களின் நம்பிக்கை.

மனிதனுக்கு அந்தச் சக்தி கிடையாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவைப் பாருங்கள். வைகைக் கரை முழுவதும் ஜனங்கள். பாட்டியும் பேரனும்கூடக் கண் விழித்துக் காத்திருப்பார்கள். மறுநாள் பகலில் அவர்களே திண்ணையிலும், மரத்தடியிலும், பஸ்ஸிலும் குறட்டை விடுவார்கள். ஒரு ராத்திரிக் கடனை உடம்பு எப்படியும் வசூலித்து விடுகிறது.

வசூலிப்பது யார்? உடம்பில் எந்த இடத்தில் இருந்துகொண்டு அந்த வேலை நடக்கிறது?

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு பெரிய பெரிய டாக்டர்களுக்கே இது தெளிவாகத் தெரியாது. எண்ணெய் தீர்ந்தால் விளக்கு அணைகிறது. அதுபோல, வேலை செய்து களைத்த மூளை தானாக ஓய்ந்துவிடுகிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு டாக்டர். அவர் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை. ஆகாய விமானம் ஓட்டியவர். அவர் பெயர் கான்ஸ்டான்டின் வான் எகானமோ.

வியாபாரியின் மகன்

எகானமோ 1876-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி பிறந்தார். ருமேனியா நாட்டில் பிராய்லா என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் கிரேக்கர்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது குடும்பம் டிரியெஸ்ட் துறைமுகத்துக்குக் குடியேறியது. இன்று இத்தாலியில் உள்ள அந்த ஊர், அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது.

தந்தை பெரிய வியாபாரி. வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. வீட்டில் கிரேக்க மொழி. வெளியே ஜெர்மனும் இத்தாலியும். பிறகு பிரெஞ்சு மொழியும் பழகினார். இத்தனை மொழிகள் தெரிந்த பையன் தொழிலைக் கவனிப்பான் என்று தந்தை எதிர்பார்த்தார். மகனை என்ஜினீயராக்க விரும்பினார்.

தந்தை சொல்லைத் தட்டாமல் மகன் வியன்னா நகருக்குப் போய் என்ஜினீயரிங் படித்தார். இரண்டு ஆண்டுகள் ஓடின. மனம் அதில் ஒட்டவில்லை. தந்தையின் சம்மதத்தோடு வைத்தியப் படிப்புக்கு மாறினார். 1901-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அத்தோடு அவர் நிற்கவில்லை. பாரிஸ், மியூனிக், பெர்லின் என்று ஊர் ஊராகப் போனார். அந்தக் காலத்தில் நரம்பு, மூளை, மனநோய் ஆகியவற்றில் புகழ்பெற்று விளங்கிய நிபுணர்களிடம் பாடம் கேட்டார். 1906-ல் வியன்னா திரும்பி, வாக்னர் யாரெக் என்ற பெரிய டாக்டரின் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இந்த வாக்னர் யாரெக் பின்னால் 1927-ல் நோபல் பரிசு பெற்றவர்.

ஆகாயத்தில் ஆசை

எகானமோவுக்கு இன்னொரு பைத்தியம் இருந்தது. அது பறக்கும் பைத்தியம்!

ரைட் சகோதரர்கள் முதன்முதலில் விமானத்தில் பறந்தது 1903-ல். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் விமானங்கள் கிளம்பின. அவை மரச்சட்டமும் துணியும் கம்பியும் சேர்த்துக் கட்டிய விமானங்கள். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். எகானமோ பலூனில் பறந்தார். பிரான்சில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஆஸ்திரியாவில் முதன்முதலாக விமானி உரிமம் பெற்றவர்களில் அவரும் ஒருவர். அந்த நாட்டு விமானச் சங்கத்துக்குப் பல ஆண்டுகள் தலைவராகவும் இருந்தார்.

பணமும் பட்டமும் உள்ள ஒருவர் இப்படிப் பறந்துகொண்டே காலத்தைக் கழித்திருக்கலாம். அவரோ ஒரு நாளும் ஆராய்ச்சியை விடவில்லை. கண்ணாடித் தகட்டில் மூளையின் மெல்லிய சீவல்களை வைத்து, பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. எகானமோவும் யுத்தத்துக்குப் போனார். முதலில் ரஷ்யப் போர்முனையில் மோட்டார் படையில் வேலை. பிறகு இத்தாலி எல்லையில் உள்ள மலைகளுக்கு மேலே விமானம் ஓட்டினார்.

அவருடன் பிறந்தவர்களில் ஒருவர் யுத்தத்தில் இறந்தார். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர், இந்தப் பிள்ளையாவது உயிரோடு இருக்கட்டும் என்று மன்றாடினார்கள். அவர்கள் கண்ணீருக்காக 1916-ல் எகானமோ விமானத்தை விட்டு இறங்கினார். வியன்னாவுக்குத் திரும்பி, தலையில் குண்டடி பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் செய்தார்.

பெற்றோர் அன்று அவரை அழைக்காமல் இருந்திருந்தால், அந்தக் குளிர்காலத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்திருக்க மாட்டார்.

விசித்திரமான நோய்

1916-ம் ஆண்டு முடிந்து 1917 பிறந்த குளிர்காலம். ஆஸ்பத்திரிக்கு விசித்திரமான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் லேசான காய்ச்சல், தலைவலி. பிறகு தூக்கம்! உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். சாப்பிடும்போது, வாயில் வைத்த உணவை மெல்லாமலே தூங்கினார்கள். தட்டி எழுப்பினால் கண் திறப்பார்கள். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வார்கள். மறு நிமிஷம் பழையபடி தூக்கம். நாள் கணக்கில், வாரக் கணக்கில் தூங்கினார்கள். பலருக்கு இமைகள் தாமாகவே தொங்கின. ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தது. தூக்கத்திலேயே இறந்தவர்களும் உண்டு.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு வியாதியின் பெயரை எழுதி அனுப்பியிருந்தார்கள். மூளைச் சவ்வு வீக்கம் என்று ஒருவருக்கு, ஜன்னி என்று ஒருவருக்கு. எகானமோ எல்லோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெயர்கள் பலவாக இருந்தாலும் நோய் ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது.

அப்போது ஒரு பழைய ஞாபகம் வந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது, 1890-ம் ஆண்டு வாக்கில், வட இத்தாலியில் விஷக் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு தூக்க நோய் பரவியது. "நோனா" என்று அதற்குப் பெயர். வீட்டுப் பெரியவர்கள் பயத்தோடு அதைப்பற்றிப் பேசியதை அவர் கேட்டிருந்தார். பெரியவர்கள் பேசுவதைக் குழந்தைகள் எப்படியெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறார்கள், பாருங்கள்!

1917 ஏப்ரலில், வியன்னாவில் கூடிய டாக்டர்கள் முன்னிலையில் எகானமோ இந்த நோயை விவரித்தார். அதற்குத் தூக்க மூளைக் காய்ச்சல் என்று பொருள்படும் பெயரை வைத்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் பிரான்சில் குரூஷே என்ற டாக்டரும் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஆனால் நோயின் உருவத்தைத் தெளிவாகக் காட்டியவர் எகானமோதான். அவர் பெயராலும் அந்த நோய் அழைக்கப்படுகிறது.

அடுத்த பத்து ஆண்டுகளில் அது பல நாடுகளில் பரவியது. லட்சக்கணக்கானவர்களைப் பிடித்தது. (ஈ கடித்து ஆப்பிரிக்காவில் வரும் தூக்க வியாதி வேறு. இது வேறு.)

தூங்காதவர்களும் இருந்தார்கள்!

இங்கேதான் எகானமோவின் கூர்மையான புத்தி வேலை செய்தது.

அதே நோய் கண்ட சிலருக்குத் தூக்கமே வரவில்லை. ராத்திரி முழுவதும் படுக்கையில் புரண்டார்கள், கை கால்களை ஆட்டினார்கள், பிதற்றினார்கள். என்ன மருந்து கொடுத்தும் கண் மூடவில்லை. அப்படியே உயிரை விட்டவர்களும் உண்டு.

ஒரே நோய் ஒருவரை ஓயாமல் தூங்க வைக்கிறது. இன்னொருவரைத் தூங்கவே விடாமல் அடிக்கிறது. இது எப்படி?

இறந்தவர்களின் மூளையை எகானமோ ஆராய்ந்தார். ஓயாமல் தூங்கியவர்களுக்கு மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறிய இடத்தின் பின்பக்கம் புண்பட்டிருந்தது. தூங்காமல் தவித்தவர்களுக்கு அதே இடத்தின் முன்பக்கம் புண்பட்டிருந்தது!

அந்த இடத்துக்கு "ஹைப்போதலாமஸ்" என்று பெயர். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது சுலபம். இரண்டு புருவங்களுக்கு நடுவிலிருந்து நேராகப் பின்னால் ஒரு கோடு போடுங்கள். ஒரு காதிலிருந்து மறு காதுக்கு இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. பாதாம் பருப்பு அளவுதான். பசி, தாகம், உடம்பின் சூடு ஆகியவற்றைக் கவனிப்பதும் அந்தப் பருப்புதான்.

எகானமோ இப்படி முடிவு செய்தார்: பின்பக்கத்தில் இருக்கும் செல்கள் நம்மை விழிக்க வைக்கின்றன. அவை கெட்டுப்போனால் விழிப்பு போய்விடும், எப்போதும் தூக்கம். முன்பக்கத்தில் இருக்கும் செல்கள் நம்மைத் தூங்க வைக்கின்றன. அவை கெட்டுப்போனால் தூக்கம் போய்விடும்.

எனவே, தூக்கம் எண்ணெய் தீர்ந்த விளக்கு அல்ல. விளக்கை ஏற்றுவதற்கு ஓர் ஆள், அணைப்பதற்கு ஓர் ஆள் என்று மூளைக்குள் தனித்தனியே இருக்கிறார்கள்.

சிரித்தாலோ, திடீரென்று சந்தோஷப்பட்டாலோ முழங்கால் தளர்ந்து சிலர் கீழே விழுவார்கள். பகலில் நினைத்த நேரத்தில் தூங்கிவிடுவார்கள். "நார்கோலெப்சி" என்ற இந்த நோய்க்கும் காரணம் அதே இடத்தில்தான் இருக்கவேண்டும் என்று எகானமோ கருதினார். 1929 டிசம்பரில் அமெரிக்காவுக்குச் சென்று, நியூயார்க்கில் இதையெல்லாம் பிரசங்கமாகச் செய்தார்.

கேட்டவர்கள் மதித்தார்கள். ஆனால் அவர் சொன்ன செல்களை அன்றைக்குத் தனியாகப் பிரித்துக் காட்ட யாராலும் முடியவில்லை. அதற்கு வேண்டிய கருவிகள் இன்னும் பிறக்கவில்லை.

மூளைக்கு ஒரு வரைபடம்

தூக்கத்தை மட்டுமே அவர் கவனித்துக்கொண்டிருக்கவில்லை. கோஸ்கினாஸ் என்ற கிரேக்க டாக்டரோடு சேர்ந்து, மனித மூளையின் மேற்பரப்பு முழுவதையும் அங்குலம் அங்குலமாக அளந்தார். நிலத்தைச் சர்வே செய்வது போன்ற வேலை அது. எந்த இடத்தில் எந்த மாதிரி செல்கள், எத்தனை அடுக்கு என்று குறித்தார்கள். பல ஆண்டுகள் உழைத்து, 1925-ல் பெரிய புத்தகமாக வெளியிட்டார்கள். அதில் மூளையின் மேற்பரப்பை 107 பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். 112 பெரிய புகைப்படத் தகடுகளும் அதில் இருந்தன.

1919-ல் அவருக்குக் கல்யாணம் ஆனது. மனைவி கரோலின், ஆஸ்திரிய நாட்டுப் பிரபு குலத்தைச் சேர்ந்த இளவரசி.

மூளை ஆராய்ச்சிக்கு என்றே தனி இடம் வேண்டும் என்பது எகானமோவின் நீண்ட நாள் ஆசை. 1931-ல் வியன்னா ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு பிரிவு அவருக்காகத் திறக்கப்பட்டது. சில மாதங்கள்தான் அதில் அவர் வேலை செய்தார். அதே ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி இருதய நோயால் இறந்தார். வயது 55. நோபல் பரிசுக்கு அவர் பெயர் சிபாரிசு செய்யப்பட்டது உண்டு. பரிசு கிடைக்கவில்லை.

அவர் சொன்னது பலித்தது

அவர் காட்டிய இடத்தைப் பிற்காலத்து விஞ்ஞானிகள் ஒவ்வொருவராகத் தோண்டிப் பார்த்தார்கள்.

1949-ல் மொருஸி, மகூன் என்ற இருவர், மூளையின் தண்டுப் பகுதியிலிருந்து விழிப்பு எழும்பி வருவதைக் கண்டார்கள். தூங்கும் பூனையின் மூளைத் தண்டில் மின்சாரத்தைத் தொட்டதும், அதன் மூளை அலைகள் விழித்திருக்கும் மூளையின் அலைகளாக மாறின.

1996-ல், முன்பக்கத்தில் தூங்க வைக்கும் செல்களை அமெரிக்க விஞ்ஞானிகள் எலிகளிடம் கண்டுபிடித்தார்கள். எகானமோ சொன்ன அதே பக்கம்! இந்தச் செல்கள் ஒருவித ரசாயனப் பொருளை அனுப்பி, விழிக்க வைக்கும் செல்களை அடக்குகின்றன. விழிக்க வைக்கும் செல்களும் சும்மா இருப்பதில்லை. அவை பதிலுக்குத் தூங்க வைக்கும் செல்களை அடக்குகின்றன. கிணற்று ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு முனை இறங்கினால் மறு முனை ஏறும். இரண்டும் ஒரே சமயத்தில் இறங்காது. அதனால்தான் நாம் விழித்திருக்கிறோம், அல்லது தூங்குகிறோம். பாதி விழிப்பு, பாதி தூக்கம் என்று வெகு நேரம் இருக்க முடிவதில்லை.

பின்பக்கத்து விழிப்புச் செல்கள் அனுப்பும் ரசாயனங்களில் ஒன்று "ஹிஸ்டமின்". இந்தப் பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். சளிக்கும் அரிப்புக்கும் டாக்டர் கொடுக்கும் பழைய மாத்திரைகளை விழுங்கினால் தூக்கம் வருகிறதல்லவா? அந்த மாத்திரை மூக்கில் ஹிஸ்டமினைத் தடுக்கிறது. மூளைக்குள்ளும் நுழைந்து அங்கேயும் தடுத்துவிடுகிறது. விழிப்பு குறைகிறது. கண் சொக்குகிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு லாரி ஓட்டக்கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

1998-ல் இன்னொரு ரசாயனம் கிடைத்தது. அதன் பெயர் "ஒரெக்ஸின்". ஹைப்போதலாமஸில் ஒரு சின்னக் கூட்டமாக இருக்கும் செல்கள் மட்டுமே அதைத் தயாரிக்கின்றன. ஏற்றம் தானாகச் சாய்ந்துவிடாமல் விழிப்புப் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. 2000-ல், நார்கோலெப்சி நோயால் வருந்தி இறந்தவர்களின் மூளையைப் பார்த்தார்கள். ஒரெக்ஸின் செல்களில் பெரும்பாலானவை அங்கே இல்லை! எகானமோ இறந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய ஊகம் மெய்யாயிற்று.

அதிகாலையில் டீக்கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் "அடினோசின்" என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது கூடக் கூடத் தூக்கம் கண்ணை அழுத்துகிறது. தூங்கினால் அது கரைந்து குறைகிறது. டீயிலும் காப்பியிலும் உள்ள காபின், அடினோசின் போய் உட்காரவேண்டிய நாற்காலியில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அடினோசின் வெளியே காத்து நிற்கிறது. டீயின் வேகம் தணிந்ததும், காத்திருந்தது மொத்தமாக உள்ளே வருகிறது. அப்போது வரும் தூக்கத்தைத் தடுக்க முடியாது. ஆகவே டீ குடித்தால் கடன் தீர்வதில்லை. கடன்காரர் கொஞ்ச நேரம் வாசலில் நிற்கிறார், அவ்வளவுதான்.

மதுரையில் நடந்த சோதனை

மூளைக்குள் ஒரு கடிகாரமும் இருக்கிறது. கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு மேலே, இடமும் வலமுமாக இரண்டு பொட்டுகள். ஒவ்வொன்றிலும் சுமார் 10 ஆயிரம் செல்கள். இதுவும் ஹைப்போதலாமஸைச் சேர்ந்ததுதான். பகல் வெளிச்சத்தைப் பார்த்து இது தன்னைத் தினமும் சரி செய்துகொள்கிறது.

வெளிச்சமே தெரியாவிட்டால்?

அதை நம்முடைய மதுரையிலும் சோதித்தார்கள். கோச்சடைக்கு மேற்கே, நாகமலைப் பக்கம் இருக்கிறது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அங்கே எம்.கே.சந்திரசேகரன் என்ற விஞ்ஞானி (1937-2009) வேலை பார்த்தார். பக்கத்து மலைக் குகையில் வாழும் வௌவால்களின் தூக்கத்தையும் விழிப்பையும் அவரும் அவர் மாணவர்களும் ஆராய்ந்தார்கள். பிறகு மனிதர்களுக்கு வந்தார்கள். வெளிச்சமோ சத்தமோ நுழையாத தனி அறை கட்டினார்கள். மனமுவந்து முன்வந்தவர்கள் அதில் தனியாகத் தங்கினார்கள். கடிகாரம் இல்லை, பத்திரிகை இல்லை, ரேடியோ இல்லை. பசித்தால் சாப்பிடலாம். தூக்கம் வந்தால் தூங்கலாம்.

வெளியே சூரியன் எத்தனை முறை உதித்தது என்று உள்ளே இருந்தவருக்குத் தெரியாது. ஆனாலும் அவர் உடம்பு ஒழுங்காகத் தூங்கி ஒழுங்காக விழித்தது. சிலருக்கு மட்டும் கணக்கு வெகுவாக நீண்டது. இரண்டு நாளை ஒரு நாளாக வாழ்ந்துகொண்டு, அதை அறியாமலே இருந்தார்கள்! விழித்திருக்கும் நேரம் நீண்டபோது, அவர்கள் மனதுக்குள் ஒரு மணி நேரம் என்பதும் நீண்டுவிட்டது.

மீண்டும் விழித்தவர்கள்

எகானமோவின் நோயாளிகள் என்ன ஆனார்கள்?

அந்த நோய் 1920-களின் கடைசியில், வந்ததுபோலவே மறைந்தது. பிழைத்தவர்களில் பலர் முழுமையாகப் பிழைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து உடம்பு விறைத்தது. முகம் சிலைபோல் ஆயிற்று. பேச்சும் நடையும் நின்றன. கண் திறந்திருந்தது, ஆள் அசையவில்லை. அப்படியே நாற்பது ஆண்டுகள் ஆஸ்பத்திரி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்க வருவதை உறவினர்களும் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

1969-ல் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆலிவர் சாக்ஸ் என்ற இளம் டாக்டர் அவர்களுக்கு "எல்-டோபா" என்ற புதிய மருந்தைக் கொடுத்தார். மூளையில் குறைந்துபோன "டோபமின்" என்ற ரசாயனத்தை உண்டாக்கும் மருந்து அது. சிலைகள் எழுந்து நடந்தன! பேசின! பாடின!

அவர்களில் ஒரு பெண்மணிக்கு 1926-ல் நோய் கண்டது. விழித்தவுடன் அவர் 1926-ம் ஆண்டுப் பாட்டுகளைப் பாடினார். அந்தக் காலத்து ஊர்க்கதைகளை நேற்று நடந்ததுபோல் பேசினார். நாற்பத்து மூன்று ஆண்டுகள் போய்விட்டன என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மனம் அதை ஏற்கவில்லை. சில வாரங்கள்தான் மருந்து அவருக்குப் பலன் தந்தது. பிறகு பழையபடி சிலையாகிவிட்டார். மற்றவர்களில் சிலர் தேறினார்கள். பலருக்கு மருந்தே புதுத் தொல்லைகளைக் கொடுத்தது.

அந்தக் காய்ச்சலை உண்டாக்கியது எந்தக் கிருமி என்பது இன்றுவரை நிச்சயமாகத் தெரியவில்லை. எகானமோவும் அதைத் தேடினார். இப்போதும் விஞ்ஞானிகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.